தமிழ்ப் படங்களை வைத்து ஹிரகானா, கத்தக்கானா கற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய மொழியில் ஒரே வாக்கியத்துக்குள் மூன்று எழுத்துமுறைகள் கலந்து வரும். சீன எழுத்துகளான காஞ்சி ஆண்டுக்கணக்கில் படிக்கிற சமாச்சாரம். அதை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடலாம். மற்ற இரண்டும், அதாவது ஹிரகானாவும் கத்தக்கானாவும், ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று போகிற முறைகள். ஒவ்வொன்றிலும் இன்று புழங்கும் அடிப்படை எழுத்துகள் 46.

247 எழுத்து படித்த நமக்கு 46 என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் தமிழில் 'க' தெரிந்தால் கா, கி, கு எல்லாம் அதன்மேல் காலும் கொம்பும் விசிறியும் சேர்ந்து வந்துவிடும். ஜப்பானியத்தில் க, கி, கு, கெ, கொ ஐந்துக்கும் ஒன்றோடொன்று ஒட்டுறவே இல்லாத ஐந்து வடிவங்கள். 'கி'யைப் பார்த்து 'கு'வை ஊகிக்க வழியில்லை. ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு கற்கப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒழுங்கு இல்லாத இடத்தில் படம் கைகொடுக்கும். எழுத்தின் வடிவத்தில் ஒரு பொருளைக் காண வேண்டும். அந்தப் பொருளின் பெயர் எழுத்தின் ஒலியிலேயே தொடங்க வேண்டும். உத்தி இவ்வளவுதான்.

இணையத்தில் இதற்கான படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை வைத்து வரைந்தவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் இந்த வழிகாட்டியின் முக்கிய யோசனை. எழுத்தைப் பார்த்து, படம் நினைவுக்கு வந்து, அதன் ஆங்கிலப் பெயர் வந்து, அதிலிருந்து ஒலியைப் பிரித்தெடுப்பது சுற்றுவழி. ஆங்கில உயிரொலிகள் ஜப்பானிய உயிரொலிகளோடு அவ்வளவாக ஒத்தும் போவதில்லை. தமிழின் அ, இ, உ, எ, ஒ கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகின்றன. ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்ட 'ஹிரகானா மெமரி ஹின்ட்' என்ற இலவசச் செயலிக்கு ஆங்கிலத்தோடு நிற்காமல் இந்தோனேசிய, தாய் மொழிப் பதிப்புகளும் தனித்தனியாக உண்டு. படத்தின் பெயர் படிப்பவரின் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லாக இருந்தால்தான் வேலை செய்யும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ்ப் பதிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, நாமே செய்துகொள்ளலாம்.

தெரிந்த சொல்லையும் படத்தையும் கொக்கியாக வைத்துப் புதிய மொழியைக் கற்பது சோதித்துப் பார்க்கப்பட்ட முறைதான். 1975-இல் அட்கின்சன், ராவ் என்ற இரு உளவியலாளர்கள் ரஷ்யச் சொற்களை இப்படிக் கற்பித்துப் பார்த்தார்கள். அப்படிக் கற்றவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகவே முன்னால் நின்றார்கள்.

முதலில் செய்ய வேண்டியது

ஒரு ஹிரகானா அட்டவணையை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் வார்த்தையில்தான் சொல்கிறேன். அட்டவணையில் அதைத் தேடிப் பார்த்து, உங்கள் கையாலேயே பெரிதாக ஒருமுறை எழுதி, அதன்மேல் படத்தை வரைய வேண்டும். ஆயத்தமான படத்தைப் பார்ப்பதைவிட இது நன்றாக ஒட்டும்.

அட்டவணை பாடப்புத்தக எழுத்துருவில், அதாவது கையெழுத்தை ஒட்டிய வடிவில் இருக்கட்டும். கணினி எழுத்துருக்களில் 'கி', 'ச' இரண்டின் அடிவளைவும் மேற்கோட்டோடு சேர்ந்தே இருக்கும். கையால் எழுதும்போது அங்கே கையை எடுத்துவிட்டுத் தனிக்கோடாகப் போடுவார்கள். இது தெரியாமல் அச்சு வடிவமும் கையெழுத்து வடிவமும் வெவ்வேறு எழுத்து என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

அட்டவணையில் எழுத்துகளுக்குக் கீழே ரோமன் எழுத்தோ தமிழ் எழுத்தோ இருந்தால் மடித்து மறைத்துவிடுங்கள். தமிழில் எழுதிக்கொள்வதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. சொல்லின் நடுவில் வரும் க, த, ப ஆகியவற்றை நாம் மெலிதாக உச்சரித்துப் பழகியவர்கள். 'நான்' என்பதற்கான ஜப்பானியச் சொல்லை 'வதஷி' என்று எழுதிவைத்தால், வாய் தானாக 'பதம்' என்பதில் வரும் 'த'வைப் போட்டுவிடும். அங்கே வேண்டியது 'தம்பி'யின் 'த'. ஜப்பானியர்களுக்கு இவை வேறு வேறு ஒலிகள். எனவே ஒலிப்பதிவைக் கேளுங்கள். படத்தின் பெயரில் வரும் முதல் ஒலியை மட்டும் நம்புங்கள். சொல்லின் முதலில் வரும்போது நம் க-வும் த-வும் சுத்தமாகவே இருக்கும்.

வரிசை நமக்குத் தெரிந்ததுதான்

அட்டவணையின் உயிர் வரிசை அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கில் ங, ஞ, ட, ண, ல, ழ முதலியவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. இது தற்செயல் இல்லை. பௌத்தத் துறவிகள் வடமொழி நூல்களுக்காகச் சித்தம் என்ற இந்திய எழுத்தைப் படித்தபோது, அதன் ஒலி வரிசையும் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ இருக்கிறதே என்றால், அதற்கும் காரணம் உண்டு: அந்த வரிசை பழைய ஜப்பானியத்தில் ப-வாக ஒலித்து, உதட்டால் ஊதும் ஃப-வாகி, பிறகு ஹ-வாகத் தேய்ந்தது. 'ஹு' இன்றும் 'ஃபு' என்றுதான் ஒலிக்கிறது.

அகராதியில் சொல் தேட இந்த வரிசை வேண்டும். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் தனியாக மனப்பாடம் செய்கிற இந்த விஷயம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு வரிசை அல்லது இரண்டு வரிசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஹிரகானா என்று அடித்துச் சொல்லும் காணொளிகளைப் பார்க்கலாம், தவறில்லை. எழுத்து அடையாளம் தெரியும், எழுதத்தான் வராது.

உயிர் எழுத்துகளில் தொடங்கி

அ: குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, அவற்றைச் சுற்றிப் பெரிய வளையம். மேலே உள்ள சிலுவை அம்மாவின் தலையும் தோளும். வளையம் இடுப்பில் இருக்கும் பிள்ளை. அம்மா, அ.

இ: பக்கம் பக்கமாக இரண்டு கோடுகள். இரண்டு, இ. இதற்குப் படமே வேண்டாம்.

உ: உச்சியில் ஒரு சின்னக் கோடு, கீழே தலையின் பின்பக்கம் போல வளைந்து இறங்கும் கோடு. உச்சிக்குடுமி.

எ: மேலே ஒரு கோடு, அதன்கீழ் கோணலாக இறங்கி வலப்புறம் காலை நீட்டும் கோடு. தலை, உடம்பு, முன்னே வீசிய கால். எட்டு வைத்து நடக்கிறவர்.

ஒ: ஏறக்குறைய 'அ' போலவே இருக்கும். ஆனால் வலது மேல் ஓரத்தில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டு, ஒ.

'ஒ'வுக்கு முழு எழுத்தையும் படமாக்கவில்லை, கவனித்தீர்களா? 'அ'விலிருந்து அதைப் பிரிக்கிற ஒரே அடையாளத்தை மட்டும் பிடித்தேன். நல்ல படத்தின் இலக்கணம் இதுதான். அழகாக இருக்க வேண்டியதில்லை. எழுத்தின் கோடுகளில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ படம் உடைந்துபோக வேண்டும். அதோடு, முடிந்தவரை குறிலில் தொடங்கும் சொல்லாகப் பாருங்கள். ஜப்பானியத்தில் குறில் நெடில் மாறினால் பொருளே மாறும்: 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. குறிலும் நெடிலும் நமக்கு ஒன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்டதால் காதுக்கு இது கஷ்டமில்லை.

க வரிசை, கொஞ்சம் விரிவாக

'க'வில் வளைந்து இறங்கும் கொக்கிக் கோடு, அதை வெட்டும் சாய்கோடு, வலப்புறம் தனியாகத் தெறித்த ஒரு துண்டு. கத்தியால் காய் நறுக்குகிறோம், துண்டு தெறிக்கிறது. 'கி'யில் சாய்ந்த தண்டுக்குக் குறுக்கே இரண்டு கோடுகள்: கிளை. 'கு' ஒரே ஒரு மடிப்பு, வலப்புறம் பார்த்துத் திறந்தது: கூவுகிற குயிலின் அலகு. 'கொ'வில் மேலே ஒரு கோடு, கீழே தொய்ந்த இன்னொரு கோடு: துணி உலர்த்தும் கொடி, மேல்கொடியும் கீழ்கொடியும்.

'கெ' கொஞ்சம் படுத்தும். குறிலில் நல்ல சொல் கிடைப்பது அரிது. இடப்புறம் ஒரு தூண், அதற்கு வலப்புறம் குறுக்குச் சட்டம், சட்டத்திலிருந்து வளைந்து தொங்கும் நீண்ட கோடு. கேணி, அதில் தொங்கும் கயிறு. நெடில்தான், இருந்தாலும் படம் பொருந்துவதால் வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குக் கெண்டை மீன் தெரிந்தால் தாராளமாக அதை வரையுங்கள். என் படங்களை மனப்பாடம் செய்வதைவிட உங்களுக்குத் தோன்றியது பத்து மடங்கு நல்லது.

மற்ற வரிசைகளில் எளிதாக அமைவதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 'ஷி' ஒரே கொக்கி: மீன் சிக்கும் தூண்டில் முள். 'மொ'வும் அதே முள்தான், ஆனால் குறுக்கே இரண்டு கோடு: முள்ளில் மொய்த்த புழுக்கள். 'சு'வின் நடுவில் ஒரு வளையம் இருக்கும்: சுழி. 'தெ' நேராகப் போய் வளைந்து இறங்கும்: தெருவிளக்குக் கம்பம். 'நொ' வட்டத்துக்குள் சாய்கோடு: நம் வீட்டுக் கேட்டுகளில் தொங்கும் நோ பார்க்கிங் பலகை. 'ய'வின் வளைவு யானையின் தும்பிக்கை, சாய்கோடு தந்தம்.

தமிழில் இல்லாத ஒலிகளுக்கு வேறு வழி தேட வேண்டும். 'ட்சு' அலை சுருண்டது போல ஒரே வளைவு. அதற்குச் சுனாமியே போதும். அந்தச் சொல் ஜப்பானியத்தில் இந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. 'ஹி' அகன்ற வாய்: ஹிஹி என்று சிரிக்கிறது. 'ஃபு' நடுவில் நெளியும் கோடும் இருபுறமும் தெறித்த துளிகளும்: ஃபூ என்று அடுப்பூதும்போது எழும் சுடரும் பொறியும்.

குழப்பும் கூட்டங்கள்

உண்மையான உழைப்பு இங்கேதான். தனித்தனியாக 46-ஐயும் கற்றபின்பும் சில எழுத்துகள் ஒன்றையொன்று தின்றுவிடும். அவற்றைச் சேர்த்தே எழுதி, வித்தியாசத்துக்கு மட்டும் படம் போடுங்கள்.

'ச'வும் 'ச்சி'யும் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறம் பார்ப்பவை. 'ச'வின் அடிவளைவு இடப்பக்கம் புடைக்கும், 'ச்சி'யின் வளைவு வலப்பக்கம். ச்சீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. 'கி'க்கும் 'ச'வுக்கும் குறுக்குக்கோட்டின் எண்ணிக்கைதான் வித்தியாசம். கிளை என்றால் இரண்டு.

'நு', 'மெ' இரண்டும் பின்னிக்கொண்ட வளைவுகள். 'நு'வின் கடைசியில் மட்டும் சின்னச் சுழி இருக்கும். நூல் என்றால் நுனியில் முடிச்சு வேண்டும். முடிச்சில்லாவிட்டால் அது 'மெ'.

'ரு', 'ரொ' இரண்டும் '3' போல இறங்குபவை. 'ரு'வின் அடியில் ஒரு சிறு வட்டம்: ரூபாய், கையில் காசு. 'ரொ'வில் வட்டம் இல்லை: ரோடு, அங்கே காசு கிடக்காது.

'நெ', 'ரெ', 'வ' மூன்றுக்கும் இடப்புறம் ஒரே தூண்தான். வலப்புறக் கோடு எப்படி முடிகிறது என்று மட்டும் பாருங்கள். நெளிந்து சுருண்டு முடிந்தால் 'நெ'. வெளிப்புறமாக விரிந்து போனால் 'ரெ', ரெக்கை. உருண்டு உள்ளே திரும்பினால் 'வ', வயிறு.

'ஹ', 'ஹொ', 'ம': 'ஹ'வில் குறுக்குக்கோடு ஒன்று, 'ஹொ'வில் இரண்டு, ஹோட்டலுக்கு மாடி உண்டு. 'ம'விலும் கோடு இரண்டுதான். ஆனால் இடப்புறத் தூண் இல்லை, நெடுக்குக்கோடு மேற்கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், கூரைக்கு வெளியே மண்டை.

'இ', 'ரி': 'இ'யில் இடக்கோடு நீளம், 'ரி'யில் வலக்கோடு நீளம். ரிப்பன் கட்டிய ரெட்டைச் சடையில் ஒரு பக்கம் நீண்டு தொங்குகிறது.

கையால் எழுதி, அட்டையில் சோதித்து

படம் எழுத்தை அடையாளம் காணத்தான் உதவும். எழுத வர வேண்டுமானால் கை பழக வேண்டும். கோடுகளுக்கு ஒழுங்கு உண்டு: பொதுவாக மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். கு, ஷி, ட்சு, நொ, ஹெ போன்றவை கையை எடுக்காத ஒரே இழுப்பு. கட்டம் போட்ட நோட்டில் எழுதுங்கள். எழுத்தின் எந்தப் பகுதி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் கற்பிக்கப்படுகிறது. பக்கம் பக்கமாக ஒரே எழுத்தை எழுதுவதில் பயனில்லை. மூன்று முறை எழுதி, மூடிவைத்து, பத்து நிமிடம் கழித்து நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள்.

அதற்கப்புறம் அட்டைகள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் உங்கள் படம். ஒலியை எங்கும் எழுத வேண்டாம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதைச் சில நாள் கழித்துப் பார்த்தால் போதும். தவறியது முதல் பெட்டிக்கே திரும்பும், நாளையும் வரும். லைட்னர் பெட்டி என்பது இதுதான். ஆன்கி செயலி இதையே தானாகக் கணக்குப் போட்டுச் செய்கிறது. ஆனால் அதில் அடுத்தவர் செய்த அட்டைத் தொகுப்பை இறக்காதீர்கள். உங்கள் கிறுக்கலைப் புகைப்படம் எடுத்துப் போடுங்கள்.

படத்தைக் கழற்றுவது

பலரும் இந்தக் கட்டத்தைச் செய்வதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் குயிலையும் கேணியையும் நினைத்துக்கொண்டிருந்தால் ஒரு வரி படிக்கப் பொழுது சாய்ந்துவிடும். படம் கட்டடத்துக்குக் கட்டிய சாரம். சுவர் நின்றதும் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்ப்பதற்கு ஒரே வழி சொற்களாகப் படிப்பது. எல்லா எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்காமல், க வரிசை முடிந்ததுமே தொடங்குங்கள். அ, இ, உ, எ, ஒ, க, கி, கு, கெ, கொ என்ற பத்தை வைத்தே 'அக' (சிவப்பு), 'அஒ' (நீலம்), 'எகி' (ரயில் நிலையம்), 'கஒ' (முகம்), 'கொஎ' (குரல்), 'இகெ' (குளம்) எல்லாம் படித்துவிடலாம். சத்தமாக, கெட்டியான 'க'வோடு. ஒரு சொல்லைப் படம் நினைவுக்கு வராமலே படித்துவிட்டால் அந்த எழுத்து உங்களுடையது.

அடிப்படை எழுத்துகளுக்குப் பிறகு மிச்சம் இருப்பவை குறிகள். மேலே இரண்டு சிறு கோடு போட்டால் ஒலி மெலியும்: க 'கங்கை'யின் இரண்டாவது 'க' போல ஆகும், த 'பந்து'வின் 'து'வில் வருவது போல ஆகும். தமிழில் இடத்தைப் பார்த்து நாமே மாற்றிக்கொள்வதை ஜப்பானியர்கள் எழுதிக் காட்டுகிறார்கள். ஹ வரிசைக்குச் சிறு வட்டம் போட்டால் ப வரிசை. சிறிதாக எழுதிய 'ட்சு' நம் ஒற்று மாதிரி, அடுத்த மெய்யை இரட்டிக்கும்: 'கித்தெ' என்றால் தபால்தலை. இரட்டித்துப் பேசுவது நமக்குத் தாய்ப்பால், ஆகவே இதில் நேரம் செலவிட வேண்டாம்.

கத்தக்கானா: புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை

கத்தக்கானா ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில், பௌத்த நூல்களின் ஓரத்தில் குறிப்பெழுதிய துறவிகள் சீன எழுத்துகளில் ஒரு துண்டை மட்டும் கிள்ளி எடுத்து எழுதியதில் பிறந்தது. ஹிரகானாவோ முழு எழுத்தையும் வேகமாக இழுத்து எழுதியதில் குழைந்து வந்தது. பல ஒலிகளுக்கு இரண்டுக்கும் மூல எழுத்து ஒன்றே. அதனால் க, கி, செ, ஹெ, மொ, ய, ரி, உ போன்றவை இரண்டிலும் ஒரே சாயலில் இருக்கும். 'க'வில் தெறித்த துண்டு மட்டும் காணாமல் போயிருக்கும். 'கி'யில் கிளைகள் அப்படியே இருக்கும், அடிவளைவு இருக்காது. 'உ'வின் குடுமியும் பத்திரமாக இருக்கும். இவற்றுக்குப் புதுப் படம் வேண்டாம். அ, எ, ஹ போன்று மூலம் வேறானவற்றுக்கு மட்டும் புதிதாக வரையுங்கள்.

கத்தக்கானாவில் எல்லோரையும் அழவைக்கும் நால்வர் ஷி, ட்சு, சொ, ன். நான்கும் ஒன்றிரண்டு சிறு கோடும் ஒரு நீள்வளைவும்தான். இதற்கு ஹிரகானாவையே துணைக்கு அழைக்கலாம். ஹிரகானா 'ஷி' இடப்புறம் நெடுக்காக இறங்கி அடியில் வலப்புறம் ஏறும். கத்தக்கானா 'ஷி'யின் சிறு கோடுகளும் இடப்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், நீள்வளைவு கீழிருந்து மேலே ஏறும். ஹிரகானா 'ட்சு' மேலே குறுக்காகப் போய் வலப்புறம் இறங்கும்; கத்தக்கானா 'ட்சு'வின் சிறு கோடுகள் மேலே பக்கம் பக்கமாக நிற்கும், நீள்வளைவு மேலிருந்து கீழே இறங்கும். ஹிரகானா எழுத்தை மெல்லிய பென்சிலில் எழுதி, அதன்மேல் கத்தக்கானாவைப் பொருத்திப் பாருங்கள். 'ன்' கீழிருந்து ஏறும், 'சொ' மேலிருந்து இறங்கும். அதே கணக்குதான்.

வெளிநாட்டுச் சொற்கள், பெயர்கள் எல்லாம் கத்தக்கானாவில் வருவதால் பயிற்சிக்குச் சொல் தேட வேண்டாம். 'இந்தொ' (இந்தியா), 'கரே' (நம் கறி போய்ச் சேர்ந்த வடிவம், நெடிலுக்கு ஒரு படுக்கைக்கோடு), 'சென்னை', பிறகு உங்கள் பெயர். 'தமிழ்' மூன்றே எழுத்தில் முடியும்: த, மி, ரு. ல, ள, ழ, ர, ற எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே ர வரிசைதான். எனவே உங்கள் பெயரில் எத்தனை ழகரம் இருந்தாலும் அது 'ரு'வாகத்தான் போகும்.

வாக்கியம் படிக்கத் தொடங்கும்போது மூன்று விதிவிலக்குகளை எழுதி ஒட்டிவையுங்கள். வேற்றுமை உருபு போல வரும் இடங்களில் 'ஹ' என்ற எழுத்து 'வ' என்றும், 'ஹெ' என்ற எழுத்து 'எ' என்றும் ஒலிக்கும். 'வொ' என்ற எழுத்து அந்த இடத்தில் மட்டுமே வரும், 'ஒ' என்று ஒலிக்கும். 1946-இல் எழுத்தைப் பேச்சுக்கு ஒத்தபடி சீர்திருத்தியபோது இந்த மூன்றை மட்டும் பழையபடி விட்டுவிட்டார்கள்.

கடைசியாக, கைபேசியில் ஜப்பானிய விசைப்பலகையைச் சேர்த்து, ரோமன் வகையைத் தவிர்த்துக் 'கானா' வகையைத் தேர்ந்தெடுங்கள். அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசைக்கு ஒரு விசைதான் இருக்கும். தட்டினால் அகரம், இடப்புறம் தள்ளினால் இகரம், மேலே உகரம், வலப்புறம் எகரம், கீழே ஒகரம். மேலே சொன்ன சொற்களை முதலில் இதில் அடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் தேடுபொறியில் போட்டு என்ன வருகிறது என்று பாருங்கள்.